ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் வேணும்

"கீய்ய்ய்ய்ங்..."

மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த மருமகள் பதறி நிமிர்ந்ததில், பலகை அவள் மண்டையில் 'ணங்' என்று இடித்தது. கையில் ஒரு வயர். மோடத்தின் வயர் என்று நினைத்துப் பிடுங்கியது யு.பி.எஸ். வயராகப் போய்விட்டது. யு.பி.எஸ். பெட்டி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"யாரு அபாயச் சங்கிலியைப் பிடிச்சு இழுத்தது?" என்று கேட்டபடி மாமனார் வாசல்படியில் வந்து நின்றார்.

"நான்தான் மாமா. மோடத்தை ஒரு தடவை அணைச்சுப் போடலாம்னு..."

"மோடத்துக்குப் பச்சை வயர். உன் கையில இருக்கறது கறுப்பு. கலர் பார்க்காம கொடி காட்டினா வண்டி என்ன ஆகும்?"

முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ரயில்தான் அவரை விட்டுப் போயிருந்தது, நேரம் போகவில்லை. வீட்டில் ஐந்து கடிகாரங்கள் இருந்தன. ஐந்தும் ஒரே நொடியில் மணி அடிக்கும். தினமும் காலையில் கைக்கடிகாரத்தோடு ஒவ்வொன்றாக நடந்து போய் ஒப்பிட்டுப் பார்ப்பார். பேத்தியின் பள்ளி வேன் இரண்டு நிமிஷம் பிந்தினால், டிரைவர் காரணம் சொல்லாமல் வண்டியை எடுக்க முடியாது.

மருமகள் கறுப்பு வயரைத் திரும்பச் செருகினாள். அலறல் நின்றது. கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருந்தது. திரையில் அதே வாசகமும் உயிரோடு இருந்தது.

'சர்வரோடு இணைய முடியவில்லை. உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.'

மணி இரண்டே முக்கால்.

நான்கு மணிக்கு அவளுக்குத் தேர்வு. ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் புள்ளிவிவரங்களை அலசும் வேலை. குழந்தை பிறந்தபோது விட்ட வேலைக்கு ஆறு வருஷம் கழித்துத் திரும்புகிறாள். குக்கருக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான்கு மாதம் பயிற்சி எடுத்தவள். முந்தாநாள் அந்த லேப்டாப்பின் திரை இருண்டு போய், இனிமேல் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது. நான்கு மணிக்குள் தேர்வு மென்பொருளை ஏற்றி உள்ளே நுழையாவிட்டால், அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

வீட்டில் மிச்சம் இருந்தது மாமனாரின் கம்ப்யூட்டர். அதை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு அதில் பேப்பர் படிப்பார். நேற்று இரவு அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவர் டைம்டேபிளைப் புரட்டுவது போல் மோட்டுவளையைப் பார்த்தார்.

"நாலுலேர்ந்து ஆறு. அதுதானே? ஆறு மணிக்கு எனக்குக் கம்ப்யூட்டர் வேணும். ஆறு ஒண்ணு ஆகக்கூடாது."

அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு மணி பிரச்சினையாகத் தெரிந்தது. இப்போது நான்கு மணியே எட்டவில்லை.

தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். போன வருஷம் இந்தக் கம்ப்யூட்டருக்கு இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

"அக்கா, அது ஒண்ணுமே இல்ல. அதுல பேக்கேஜ் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு. நீ பேரைச் சொன்னா போதும், நெட்ல போய் எடுத்துட்டு வந்து அதுவே போட்டுடும்."

"பேரைச் சொல்லிப் பார்த்தாச்சுடா. இணைய முடியலைங்குது."

"மேனேஜர் ஒத்துழைக்கலைன்னா மேலதிகாரிக்கு எழுதும்மா," என்றார் மாமனார், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "நான் அப்படித்தான் செய்வேன்."

"இது ஆள் இல்ல மாமா, மென்பொருள்."

"அதனாலதான் பொறுப்பில்லாம இருக்கு."

அவள் பிரவுசரைத் திறந்து பார்த்தாள். ஒரு தளமும் வரவில்லை. எல்லாப் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பூட்டு.

"மாமா, இதுல நெட்டே வரலையே. நீங்க தினமும் பேப்பர் எப்படிப் படிக்கிறீங்க?"

மாமனார் கைக்கடிகாரத்தைத் துடைத்தார். "காலையில வரும்மா. அப்போ கூட்டம் இருக்காது."

அடுத்து தம்பி சொன்ன வைத்தியம் ஊசி வைத்தியம். "மோடத்துக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊக்கு எடுத்து ஒரு பத்து செகண்ட் அழுத்திப் பிடி. எல்லாம் புதுசாயிடும்."

அவள் ஊக்கால் குத்தினாள். மாமனார் பத்து வரை எண்ணினார். மோடத்தின் விளக்குகள் அத்தனையும் அணைந்து, சிவந்து, மெல்லப் பச்சையாயின.

"சிக்னல் கிடைச்சாச்சு. வண்டியை எடு," என்றார் அவர்.

அவள் கட்டளையைத் தட்டினாள். 'சர்வரோடு இணைய முடியவில்லை.'

"டேய், அதேதான் வருது."

"அப்படியா?" தம்பி அசரவில்லை. "சரி, கம்ப்யூட்டருக்கு வயர் இருக்கு, பரவாயில்ல. வைஃபை பாஸ்வேர்டு மட்டும் பழையபடி மாறியிருக்கும். மோடத்துக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும் பாரு."

மோடத்தைத் தலைகீழாகப் பிடித்தாள். பாஸ்வேர்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பட்டாம்பூச்சி சிரித்தது. முதல் வகுப்பு படிக்கும் மகள் ஒட்டியது. நகத்தால் மெல்ல உரித்தாள். பட்டாம்பூச்சி வந்தது. கூடவே பாஸ்வேர்டின் பாதியும் வந்தது.

மகள் சோபாவில் கவிழ்ந்து படுத்து, அம்மாவின் பழைய போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் அழகா இருக்கட்டும்னுதான் ஒட்டினேன்மா."

"அழகாத்தான் இருக்குடி. இப்ப வைஃபை யாருக்கும் இல்ல."

"எனக்கு வேணாம். என் தோட்டத்துக்கு நெட் தேவையில்ல. ஆனா கேரட் நாளைக்குத்தான் பழுக்குமாம். போரடிக்குது."

"என்ன தோட்டம்?" என்று மாமனார் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"விளையாட்டு தாத்தா. விதை போட்டு, தண்ணி ஊத்தி, பறிச்சு விக்கணும். அம்மாவோட போன்ல பேசற மாமாதான் உங்க கம்ப்யூட்டர்லயும் எனக்குப் போட்டுக் குடுத்தாங்க. நீங்கதான் தொடவே விட மாட்டேங்கறீங்க."

"கம்ப்யூட்டர் விளையாடற சாமானா? கேரட்டுன்னா காலாகாலத்துலதான் விளையும். காத்திருக்கக் கத்துக்கோ. நேரத்தை யாராலயும் தள்ளிவிட முடியாது. நான் முப்பத்தாறு வருஷம் ஒரு நிமிஷத்தைக் கூடத் தள்ளினதில்ல."

பேத்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாத்தாவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அழைப்புமணி அடித்தது. மாடி வீட்டு டீச்சர். இடுப்பில் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி தூக்கி வைத்திருந்தார். கணக்கு டீச்சர். தன் வீட்டு இணைப்பு பழுதாகி ஒரு வாரமாகக் கீழ்வீட்டு வைஃபையில்தான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? பின்னத்தைக் கூட்டறதுக்கு நடுவுல நாப்பது பிள்ளைங்க அந்தரத்துல நிக்கிறாங்க. மேல் எண்ணைத்தான் சொன்னேன். கீழ் எண் சொல்றதுக்குள்ள போயிடுச்சு."

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். எனக்கு நாலு மணிக்குப் பரீட்சை. நெட் வரலைன்னு ஊக்கால குத்தினேன்..."

"எதை?"

மருமகள் மோடத்தைக் காட்டினாள். டீச்சர் பட்டாம்பூச்சியையும் பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

மணி மூன்றேகால். கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர்ல நெட்..."

"மீட்டிங்ல இருக்கேன்மா. ஒருதரம் அணைச்சு..."

"அணைச்சாச்சு. குத்தியாச்சு. உரிச்சாச்சு."

"எதை உரிச்ச?" என்று அவன் கேட்பதற்குள் அவளே வைத்துவிட்டாள்.

தேர்வு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அடித்தாள். இசை வாசித்தார்கள். பிறகு ஓர் இனிமையான குரல், "எங்கள் இணையதளத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் விடை உள்ளது," என்றது. இணையதளம்தானே வரவில்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. திரும்பவும் இசை வந்தது.

"அக்கா, கடைசி வழி," என்றான் திரும்பக் கூப்பிட்ட தம்பி. "உன் போன் டேட்டாவை வயர் போட்டுக் கம்ப்யூட்டருக்குக் குடு. மோடமே வேணாம்."

குடுத்தாள். போனில் பன்னிரண்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. கட்டளையைத் தட்டினாள். 'இணைய முடியவில்லை.'

"அப்ப நெட்டு மேல தப்பே இல்லைக்கா!" என்றான் தம்பி உற்சாகமாக.

"இதை மோடத்தைக் குத்தறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"குத்தினதாலதானே தெரிஞ்சது? இப்ப என்னன்னா, மேனேஜர் கையில இருக்கற பட்டியல் பழசு. எங்கே போய் எதை எடுக்கணும்னு வச்சிருக்கற லிஸ்ட். அதை முழுசா அழிச்சுட்டா புதுசா எடுத்துக்கும்."

அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவள் தட்டினாள். பட்டியல் அழிந்தது. புதுப் பட்டியலைக் கேட்டதும், திரையில் சரசரவென்று வரிகள் ஓட ஆரம்பித்தன. நிற்கவே இல்லை.

"முன்னாடி ஒரு வரிதான் திட்டிச்சு. இப்ப பக்கம் பக்கமாத் திட்டுதுடா."

"அது நல்ல அறிகுறிக்கா. மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தது இப்ப மனசு விட்டுப் பேசுது."

"வந்தேன்னா உன்னை..."

ஐந்து கடிகாரங்களும் சேர்ந்து ஒற்றை மணி அடித்தன. மூன்றரை. மாமனார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மூன்றரை மணி நடை. மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு போவார். ஐந்தே காலுக்குத்தான் திரும்புவார்.

"பதற்றப்படாதே. பதறினா வண்டி தடம் மாறும்," என்று படியிறங்கியவர், பாதியில் நின்றார். "ஆறு மணி. ஞாபகம் இருக்கட்டும்."

அவர் போனதும் மருமகள் நாற்காலியில் தொய்ந்து உட்கார்ந்தாள். நான்கு மாதம் குக்கர் விசிலுக்கு நடுவே படித்தது அத்தனையும் வீணாகப் போகப் போகிறது. கண் கலங்கியதில் திரையே மங்கலாகத் தெரிந்தது.

"நகரு," என்றார் டீச்சர்.

"டீச்சர்?"

"இத்தனை வரி எழுதியிருக்கே, அதுல நீ எத்தனை வரி படிச்ச?"

"முதல் வரி."

"உன் தம்பி?"

"அவன்கிட்ட நான் முதல் வரியைத்தான் சொன்னேன்."

"என் க்ளாஸ்லயும் இதே வியாதிதான். கேள்வியை முழுசாப் படிக்கறதுக்குள்ள விடை எழுத ஆரம்பிச்சிடுவாங்க." டீச்சர் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். திரையில் திருத்த முடியாது என்று தெரிந்தும், பேனா இல்லாமல் அவருக்குப் படிக்க வராது. முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"'சான்றிதழ் காலாவதியாகிவிட்டது.' கீழேயும் அதேதான். அதுக்குக் கீழேயும் அதேதான். என்னம்மா சான்றிதழ் இது? உன்னுதா?"

ஸ்பீக்கரில் தம்பி குறுக்கிட்டான்.

"அக்கா... அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னிக்கு என்ன தேதி?"

"மூணு முப்பத்தெட்டு. சரியாத்தானே காட்டுது? நிமிஷம் கூடப் பிசகலை."

"மணி இல்லக்கா. தேதி. அந்த மணி மேல ஒரு தட்டு தட்டு."

தட்டினாள். ஒரு சின்னக் காலண்டர் விரிந்தது. மூவரும், போன் வழியாக ஒருவருமாகச் சேர்ந்து அதைப் பார்த்தார்கள். மருமகள் இரண்டு தடவை படித்தாள். டீச்சர் விரல் விட்டு எண்ணினார்.

"மூணு வருஷம் தள்ளி முன்னால ஓடியிருக்கு."

"நான் அப்ப எந்த க்ளாஸ்?" என்றாள் மகள்.

"நாலாம் வகுப்பு."

"பாஸா?"

"அதான்க்கா விஷயம்!" தம்பி கத்தினான். "அந்தப் பக்கத்து சர்வர் ஒவ்வொரு தடவையும் ஓர் அடையாள அட்டையைக் காட்டும். அது அடுத்த வருஷம் வரைக்கும்தான் செல்லும். நம்ம கம்ப்யூட்டர் மூணு வருஷம் தள்ளி உட்கார்ந்துட்டு, 'போய்யா, உன் அட்டை எப்பவோ காலாவதி'ன்னு கதவைச் சாத்திடுது. நெட்டு, மோடம், லிஸ்ட் எதுவும் தப்பில்ல."

"தேதி எப்படிடா தானா ஓடும்?"

"உள்ள பொத்தான் சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும். அது போயிருக்கும்."

"பேட்டரி போனா கடிகாரம் பின்தங்கத்தானே செய்யும்? எப்படி முன்னால போகும்?" என்றார் டீச்சர்.

தம்பி சமாளித்தான். "சில பேட்டரி முன்னாலயும் போகும் டீச்சர்."

டீச்சர் அதற்குச் சிவப்புப் பேனாவால் காற்றில் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஆனால் விவாதிக்க நேரமில்லை. மருமகள் அமைப்புகளுக்குள் போனாள். 'தேதியைத் தானாகச் சரிசெய்' என்ற பொத்தான் அணைந்து கிடந்தது. அதை அழுத்தினாள். கம்ப்யூட்டர் ஒரே தாவில் மூன்று வருஷம் பின்னால் வந்து விழுந்தது.

அழித்த பட்டியலைத் தம்பி சொல்லச் சொல்லத் திரும்ப எழுதினாள். கட்டளையைத் தட்டினாள்.

திரையில் ஒரு சின்னக் கோடு முளைத்தது. இரண்டு சதவீதம். ஒன்பது. முப்பத்தொன்று. மகள் ஒவ்வோர் எண்ணுக்கும் கை தட்டினாள். எழுபத்து நான்கில் கோடு நின்றது. மகளின் கைகளும் நின்றன. எண்பது. நூறு.

மணி மூன்று ஐம்பத்தாறு.

"டீச்சர், உங்க க்ளாஸ்..."

"விடும்மா. நாப்பது பேரும் சந்தோஷமா இருப்பாங்க. நீ உள்ள போ," என்று டீச்சர் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். "பாரு, ஒவ்வொரு கேள்வியையும் முழுசாப் படி!" என்று மூடிய கதவைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் மாடியேறினார்.

ஐந்தே காலுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பி வந்து, பேத்தியை மாடியிலிருந்து அழைத்துக்கொண்டார். ஐந்தரைக்கு ஹாலில் உட்கார்ந்தார். ஐந்தே முக்காலுக்கு எழுந்து நடக்க ஆரம்பித்தார். அலுவலகத்திலிருந்து வந்த மகன், அப்பா பரீட்சை அறைக்கு வெளியே இப்படி நடப்பதைப் பார்த்து நெகிழ்ந்து போனான்.

"அப்பா, கவலைப்படாதீங்க. அவ நல்லாப் பண்ணுவா."

"அது சரி. ஆறு அடிக்க இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு," என்றார் அவர், கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஐந்து கடிகாரங்களும் ஆறு அடித்து முடித்தபோது கதவு திறந்தது. மருமகள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று உடனே சொல்ல முடியவில்லை.

"பாஸ். உடனே மார்க் காட்டிடுச்சு. திங்கட்கிழமை சேரச் சொல்றாங்க."

மகன் "ஏய்!" என்று கத்தினான். குழந்தை, என்னவென்று தெரியாமலேயே, இரண்டு சுற்று ஓடியது. மாமனாரின் முகமும் மலர்ந்தது. அவர் மருமகளின் தலையில் கை வைத்தார்.

"நாலுக்குள்ள ஏறின, ஆறுக்கு இறங்கின. நேரத்தை மதிக்கறவங்களை நேரம் கைவிடாதும்மா."

"உங்க கம்ப்யூட்டர்தான் மாமா காப்பாத்துச்சு. உள்ள ஏதோ பேட்டரி பழசாயிடுச்சாம். தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து மாத்திடறேன்னான்."

"மாத்தட்டும், மாத்தட்டும்," என்று சொல்லிக்கொண்டே அவர் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். "நான் கொஞ்சம் பேப்பர் படிக்கறேன்." கதவு சாத்திக்கொண்டது.

மகன் டீச்சருக்குச் சொல்ல மாடிக்குக் கிளம்பினான். மருமகள் காலையிலிருந்து காலியாக இருந்த வயிற்றுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். தம்பிக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தாள். ஒரு சதவீதம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அதைப் பார்த்தும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, முப்பத்தாறு வருஷத்தில் எந்த ரயில் தவறியபோதும் வராத அலறல் ஒன்று கேட்டது.

"யாரும்மா தேதியைப் பின்னால தள்ளினது? இன்னிக்கு ஆறு மணிக்குப் பறிக்க வேண்டிய தக்காளி, பழுக்க இன்னும் மூணு வருஷம் ஆகும்னு காட்டுதே!"